உப்பும் முகிலும்: வேலூர் வட்டாரத்தில் மழையை அறிந்த வரலாறு

வேலூர்க் கோட்டைக்கு அருகில் உள்ள லாங் பஜார் நகரின் பழைய கடைத்தெருக்களில் ஒன்று. இங்கே மழை வருவதை முதலில் சொல்வது பெரும்பாலும் வானம் அல்ல, உப்பு மூட்டை. காற்றில் ஈரம் ஏறும் நாளில் கல்லுப்பு கசியும்; சாக்கின் அடிப்புறம் நனையும்; மூட்டை இருந்த தரையில் ஈரத்தடம் பதியும். மளிகைக் கடைக்காரர் இதைக் கண்டதும் வாசலில் பரப்பிய சரக்கை உள்ளே எடுத்துவைப்பார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் உள்ள தோல் கிடங்குகளிலும் இதே காட்சி உண்டு. அங்கே உப்பு, பச்சைத் தோல் அழுகாமல் இருப்பதற்காகத் தூவப்பட்டது.

இந்தக் கசிவு வெறும் அனுபவ அறிவு அல்ல. காற்றின் சார்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் தூய சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துத் தானே கரையத் தொடங்கும். கடையில் விற்கும் கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே கசியும். மேகத்தின் முதல் துளி பிறப்பதும் ஏறக்குறைய இதே வழியில்தான். கடைத்தெருவில் எல்லோரும் அறிந்த ஒரு செய்தி வானத்துக்கும் பொருந்தும் என்று நிறுவ அறிவியலுக்கு 1880 முதல் 1936 வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

பஞ்சாங்கமும் கர்ப்போட்டமும்

மேகம் கடல்நீரை முகந்து மலையில் பொழிகிறது என்ற எண்ணம் சங்க இலக்கியத்திலேயே நிலைபெற்றுவிட்டது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் சரக்கு ஏறுவதையும் இறங்குவதையும் சொல்லும்போது, மேகம் கடலில் கொண்ட நீரை மலையில் பொழிவதையும் மலையில் பொழிந்த நீர் கடலுக்கு மீள்வதையும் உவமையாக்குகிறது. நீர்ச்சுழற்சியை வணிகக் கணக்கோடு ஒப்பிட்ட இந்தப் பார்வை கடைத்தெருவுக்கு நன்றாகவே பொருந்தும். திருக்குறளின் வான் சிறப்பு அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போய், மேகம் எடுத்துத் திருப்பித் தராவிட்டால் கடலின் வளமும் குறையும் என்கிறது. காற்றுக்கும் திசைவாரியாகப் பெயர் இருந்தது: கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல். மழை கொண்டுவரும் கீழ்க்காற்றுக்கும் மேகத்துக்கும் ‘கொண்டல்’ என்ற ஒரே சொல் வழங்கியதில் நல்ல கவனிப்பு இருக்கிறது.

மழையை முன்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தபோது பஞ்சாங்கம் துணைக்கு வந்தது. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்கிதை, மேகம் கருக்கொண்டு 195 நாள்கள் கழித்து மழையாகப் பிரசவிக்கிறது என்று விவரிக்கிறது. தமிழகத்தில் இதன் வழியே ‘கர்ப்போட்டம்’ பார்க்கும் வழக்கம் உண்டு. மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் சுமார் 14 நாள்களில் மேகம், தூறல், காற்று, பனி ஆகியவற்றைக் குறித்துவைத்து, ஒவ்வொரு நாளையும் அடுத்த ஆண்டின் ஒரு பகுதியோடு பொருத்துவர். சித்திரை முதல் நாளில் பஞ்சாங்கம் படிக்கும்போது, அவ்வாண்டு எத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு எவ்வளவு, மலைக்கு எவ்வளவு, நிலத்துக்கு எவ்வளவு என்ற கணக்கும் சொல்லப்படும்.

மார்கழி மேகத்துக்கும் ஆடி மழைக்கும் அப்படி நாள் கணக்கில் தொடர்பு இருப்பதை இன்றைய வானிலையியல் ஏற்கவில்லை. ஆனால் கர்ப்போட்டம் பார்த்தவர்கள் செய்த ஒன்றை மறுக்க இயலாது: குறிப்பிட்ட நாள்களில், தவறாமல், வானத்தைப் பார்த்துக் குறித்துவைத்தார்கள். பெய்யும் மழையின் பெரும்பகுதி கடலிலேயே விழுகிறது என்பதையும் மரக்கால் கணக்கு ஒத்துக்கொள்கிறது.

பெயர் வைத்ததும் அளந்ததும்

மேகங்களை வகைப்படுத்திப் பெயரிட்டவர் இலண்டனில் மருந்து வணிகம் செய்த லூக் ஹோவர்டு. 1802 டிசம்பரில் ஒரு சிறிய அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் அவர் படித்த கட்டுரையில் கீற்று, திரள், படை என்ற மூன்று அடிப்படை வடிவங்களுக்கு இலத்தீன் பெயர் சூட்டினார். இன்று உலகெங்கும் வழங்கும் சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ரேட்டஸ் என்ற சொற்கள் அவையே. மேகம் நொடிக்கு நொடி மாறினாலும் அதன் மாற்றத்துக்கு வரம்பு உண்டு, அதனால் அதை ஆராயலாம் என்ற துணிவை அந்தப் பெயர்கள் கொடுத்தன.

தென்னிந்தியாவில் வேலை அளவையிலிருந்து தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னையில் அமைத்த வானாய்வகம் விண்மீன்களோடு வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் குறித்துவந்தது. அங்கே 1813 முதல் மழையளவு தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. 1864இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும் அதையடுத்து வந்த ஒரிசாப் பஞ்சமும் நாடு தழுவிய வானிலை அமைப்பின் தேவையை உணர்த்தின. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு.

துறை தோன்றிய அடுத்த ஆண்டே 1876-78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூழ்ந்தது. பருவமழை பொய்த்ததில் வேலூரை உள்ளடக்கிய வட ஆர்க்காடு மாவட்டமும் கடுமையாக அடிபட்டது. அப்போது மாவட்டத் தலைநகர் சித்தூர். 1911இல்தான் வேலூர் தலைநகராயிற்று. பஞ்சத்துக்குப் பின் மழை எவ்வளவு பெய்தது என்பது வருவாய்த் துறையின் தலையாய கேள்விகளில் ஒன்றானது. தாலுகா அலுவலக வளாகத்தில் மழைமானி இருப்பதும், காலையில் ஓர் ஊழியர் அளவுக்குடுவையில் நீரை ஊற்றிப் பார்ப்பதும் மாகாணத்தின் அன்றாடக் காட்சியாயின. நீண்டகாலம் வழங்கிய சைமன்ஸ் மழைமானியின் வாய் 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. விட்டமுடையது. இன்றும் காலை 8.30 மணிக்கு எடுக்கும் அளவே முந்தைய 24 மணி நேர மழையாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் நீர்.

மழைமானி எவ்வளவு பெய்தது என்று சொன்னது. ஏன் பெய்தது, நேற்று இதைவிடக் கருத்த மேகம் வந்தும் ஏன் பெய்யவில்லை என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

தூசியிலிருந்து துளி

காற்று குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி நீராகும் என்பது பழைய செய்தி. குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்க்காதவர் இல்லை. ஆனால் வானத்தில் சொம்பு இல்லை. அங்கே ஆவி எதன்மேல் படியும்?

1875இல் பிரான்சில் கூலியே என்பவரும், 1880இல் அவரறியாமலே ஸ்காட்லாந்தில் ஜான் எயிட்கனும் இதற்கு விடை கண்டனர். எயிட்கன் இரண்டு கண்ணாடிக் கலங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் சாதாரணக் காற்று. மற்றொன்றில் பஞ்சு வழியாக வடிகட்டிய காற்று. இரண்டிலும் நீராவியைச் செலுத்தியபோது முதல் கலம் வெண்மூட்டத்தால் நிறைந்தது. இரண்டாவது தெளிவாகவே இருந்தது. தூசி இல்லையேல் மூடுபனி இல்லை, மேகம் இல்லை, மழையும் இல்லை என்று எயிட்கன் முடிவுக்கு வந்தார். 1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சியில் மேகங்களைக் கண்டு வியந்த சி. டி. ஆர். வில்சன், அவற்றை ஆய்வகத்தில் உண்டாக்க முயன்றார். தூசி முற்றிலும் நீங்கிய காற்றில் துளி உண்டாக, ஆவியின் அளவு இயல்பான எல்லையைப் போலப் பல மடங்கு உயர வேண்டும் என்று கண்டார். மேகத்தை ஆராயப்போய் அவர் செய்த முகிற்கலம் அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் கருவியாகி 1927இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது.

எந்தத் தூசி என்ற கேள்வி மிஞ்சியது. சுவீடன் நாட்டவரான ஹில்டிங் கோலர், நார்வே மலையொன்றில் படிந்த உறைபனியை உருக்கிச் சோதித்தபோது அதில் குளோரைடு இருந்தது. கடலுப்பு மேகத்துக்குள் போயிருக்கிறது! 1936இல் முழுவடிவில் வெளிவந்த அவருடைய கோட்பாடு இரண்டு எதிரெதிர் விசைகளை நிறுத்துப் பார்க்கிறது. மிகச் சிறிய துளியின் மேற்பரப்பு மிகவும் வளைந்திருப்பதால் அதிலிருந்து நீர் எளிதில் ஆவியாகிவிடும். ஆகவே தூய நீரின் நுண்துளி பிறந்தவுடன் மடியும். அதில் உப்பு கரைந்திருந்தாலோ உப்பு நீரைப் பிடித்துவைக்கும். இதனால் ஈரப்பதம் 100 விழுக்காட்டைச் சற்றே, பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகத் தாண்டினாலே மேகத்துளி நிலைபெறுகிறது. லாங் பஜாரின் ஈரச் சாக்கு செய்வதை, கண்ணுக்குத் தெரியாத கடலுப்புத் துகளும் கந்தகச் சேர்மத் துகளும் வானத்தில் செய்கின்றன. அலை உடையும்போது சிதறும் திவலைகள் காய்ந்து உப்புத் துகள்களாகி, வங்கக் கடலிலிருந்து கீழ்க்காற்றோடு உள்நாட்டுக்கு வருகின்றன.

துளியிலிருந்து மழை

மேகத்துளி மழைத்துளி அல்ல. மேகத்துளியின் விட்டம் சுமார் 0.02 மி.மீ.; நடுத்தர மழைத்துளி 2 மி.மீ. விட்டத்தில் நூறு மடங்கு என்றால் கொள்ளளவில் பத்து லட்சம் மடங்கு. மேகத்துளி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே இறங்கும். சின்ன ஏறுகாற்று போதும், அதைத் தாங்கிவிட. ஆகவே பத்து லட்சம் துளிகள் ஒன்றாவது எப்படி என்பதே மழையின் உண்மையான புதிர்.

முதல் விடை குளிர்நாட்டிலிருந்து வந்தது. 1922இல் ஓஸ்லோ அருகே ஊசியிலைக் காட்டில் நடந்துசென்ற டோர் பெர்கரோன், உறைநிலைக்குக் கீழான குளிரில் மூடுபனி மரங்களில் பனிப்படிகமாகப் படிந்து தரையருகே காற்று தெளிந்துவிடுவதைக் கவனித்தார். பனிக்கட்டியின் மேல் ஆவியழுத்தம் நீரின் மேலுள்ளதைவிடக் குறைவு. ஆகவே மிகைக்குளிர் நீர்த்துளிகளும் பனிப்படிகங்களும் கலந்திருக்கும் மேகத்தில் துளிகள் மெலியும், படிகங்கள் பெருக்கும். பெருத்த படிகம் கீழிறங்கி உருகினால் மழை. ஜெர்மானியரான ஆல்பிரெட் வெகனர் 1911இலேயே இக்கருத்தைத் தொட்டிருந்தார். பின்டைசன் 1938இல் விரிவாக்கினார்.

கோட்பாடு அழகானது. ஆனால் அதன்படி உறைநிலை உயரத்தை எட்டாத மேகம் நல்ல மழை தரக்கூடாது. தமிழ்நாட்டின் மேல் உறைநிலை ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழேயே நின்றுவிடும் மேகங்கள் வெப்பமண்டலத்தில் கொட்டித் தீர்ப்பதை இங்குள்ளவர்கள் எப்போதும் பார்த்துவந்தார்கள். ஐரோப்பிய அறிவியல் இதை முழுமையாக ஏற்றது 1940களில்தான். 1948இல் இர்விங் லாங்மியூர் மோதி இணைதலின் கணக்கை வெளியிட்டார். சற்றே பெரிய துளி விரைந்து இறங்கும்போது வழியிலுள்ள சிறு துளிகளை விழுங்கிப் பெரிதாகிறது. பெரிதானதும் இன்னும் விரைகிறது. அந்த முதல் பெரிய துளிக்கு விதையாக அமைவது பெரும்பாலும் பெரிய உப்புத் துகள். ஒரே அளவுள்ள நுண்துளிகள் மிகுதியாக இருக்கும் மேகத்தில் மோதல் அரிது. அது கருத்துத் திரண்டாலும் பெய்யாமல் கலையலாம். நேற்றைய கருமேகம் ஏமாற்றியதற்குக் காரணங்களில் இதுவும் ஒன்று.

மூன்று பருவம், மூன்று மேகம்

வேலூர் இக்கோட்பாடுகளைப் பார்த்து அறிய ஏற்ற ஊர். கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, பாலாற்றுப் பள்ளத்தாக்கில், ஒருபுறம் சவ்வாது மலையும் சுற்றிலும் பாறைக்குன்றுகளுமாக அமைந்தது. சென்னையின் மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தை நம்பியது. வேலூரிலோ சூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை வடகிழக்குப் பருவ மழைக்குக் குறைந்தது அல்ல.

மேலேறும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியசு குளிர்கிறது. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும், அதாவது ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலைக்கும், உள்ள வேறுபாட்டை 125 மீட்டரால் பெருக்கினால் திரள்மேகத்தின் அடிவாரம் தோராயமாகக் கிடைக்கும். கத்திரி வெயிலில் வேலூரில் 40 பாகை, பனிநிலை 20 என்று கொண்டால் மேகத்தின் அடி 2,500 மீட்டரில் நிற்கும். நவம்பரில் 27 பாகை, பனிநிலை 23 என்றால் 500 மீட்டரே. ஒரே தெருவின் மேல் இரண்டு மாதங்களில் மேகம் நிற்கும் உயரம் ஐந்து மடங்கு மாறுகிறது.

இதன் விளைவைக் கடைத்தெருவில் காணலாம். மே மாத மாலையில், கிழக்கிலிருந்து உள்ளே வரும் கடற்காற்று மேற்குக் காற்றோடு முட்டும் இடத்தில் காற்றுக்குப் போக்கிடம் மேலே மட்டுமே. திரள்மேகம் கிளம்பி, 15 கி.மீ. வரை உயர்ந்து இடிமேகமாகிறது. ஒரு கிராம் ஆவி நீராகும்போது வெளிப்படும் சுமார் 2,500 ஜூல் வெப்பமே அந்த எழுச்சிக்கு எரிபொருள். உச்சியில் பெர்கரோன் சொன்ன பனிப்படிகங்கள். சில நாளில் ஆலங்கட்டி. ஆனால் விழும் துளி இரண்டரை கிலோமீட்டர் வறண்ட காற்றைக் கடக்க வேண்டும். பல துளிகள் வழியிலேயே ஆவியாகிவிடும். அந்த ஆவியாதல் காற்றைக் குளிர்வித்துக் கனமாக்க, அது தரையில் மோதிப் பரவுகிறது. கோடை மழைக்கு முன்னால் புழுதியும் தார்ப்பாயைப் பிய்க்கும் காற்றும் வருவதற்குக் காரணம் இதுவே. சில நாள் காற்றோடு கதை முடிந்துவிடும்.

தென்மேற்குப் பருவத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரும் மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்று இங்கே இறங்குகாற்றாக வறண்டிருக்கும். என்றாலும் பகல் வெயிலும் மலைச்சரிவும் மாலையில் இடிமேகங்களை எழுப்புகின்றன. சவ்வாது மலைப் பக்கம் பிறந்தவை மேல்காற்றோடு கிழக்கே நகர்ந்து இரவில் பெய்வது வழக்கம். வடகிழக்குப் பருவத்தின் கதை வேறு. வங்கக் கடலின் தாழ்வு மண்டலம் நாற்புறமிருந்தும் ஈரக்காற்றை இழுத்து மேலேற்றுகிறது; தாழ்ந்த அடிவாரம் கொண்ட மேகத்திலிருந்து விழும் துளி ஏறக்குறைய முழுதாகத் தரையை அடைகிறது. இடி குறைவு, மழை அதிகம்.

மேகம் இல்லாத இரவுகளை நாடி வந்தவர்களும் உண்டு. வாணியம்பாடிக்குத் தெற்கே, சவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரில் 1968இல் விண்மீன் நோக்கல் தொடங்கியது. 1986இல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது. இன்று அது வைணு பாப்பு வானாய்வகம். மழைமானிக்கு நல்ல நாள் அவர்களுக்குக் கெட்ட நாள்.

திருவள்ளூர் வானில் தூவிய உப்பு

உப்பு மழைக்கு விதை என்றால் தூவிப் பார்க்கலாமே என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது. 1946இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேபர் உலர்பனிக்கட்டியைக் கொண்டும், பெர்னார்டு வானகட் வெள்ளி அயோடைடைக் கொண்டும் குளிர்மேகங்களில் படிகங்களை உண்டாக்கிக் காட்டினர். இந்தியாவின் வெதுவெதுப்பான மேகங்களுக்குப் பனிப்படிக வழியைவிட உப்பு வழியே ஏற்றது என்று இங்குள்ள ஆய்வாளர்கள் கருதினர். 1957 முதல் 1966 வரை தில்லி, ஆக்ரா, செய்ப்பூர் பகுதிகளில் தரையிலிருந்தே உப்புத் துகள்களை மேலே செலுத்தினர்.

பிறகு புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் விமானத்திலிருந்து தூவும் முறைக்கு மாறியது. அதன் களங்களில் ஒன்று வேலூருக்குக் கிழக்கே உள்ள திருவள்ளூர்ப் பகுதி. ஆண்டுகள் 1973, 1975-77. நுண்ணிதாக அரைத்த உப்பு கட்டிப்படாமல் இருக்க மாக்கல் தூள் சேர்த்தார்கள். கடைத்தெரு உப்பின் பழைய தொல்லை விமானத்திலும் விடவில்லை! திருவள்ளூரில் உறுதியான முடிவு எதுவும் நிலைபெறவில்லை. மகாராட்டிரத்தின் பாராமதியில் 11 பருவங்கள் தொடர்ந்த சோதனையில் மழை 24 விழுக்காடு கூடியதாக அந்நிறுவனத்தார் கணித்தனர்.

இந்தக் கணக்கில் உள்ள இடர்ப்பாடு எளிதில் விளங்குவது. உப்புத் தூவிய மேகம் தூவாவிட்டால் எவ்வளவு பெய்திருக்கும் என்று யாரும் பார்க்க முடியாது. இயற்கை மழையே நாளுக்கு நாள் பன்மடங்கு மாறுவதால், சிறு கூடுதலைப் பிரித்தறியப் பல ஆண்டு வேண்டும். வறட்சியில் தவிக்கும் அரசுக்கோ அத்தனை பொறுமை இருக்காது. 1980களிலும் 1993-94இலும் தமிழ்நாட்டில் செயற்கை மழை முயற்சிகள் நடந்தன. வறட்சி ஆண்டில் விதைக்கத் தகுந்த மேகமே அரிது என்பது அம்முயற்சிகளின் அடிப்படை முரண். மேகத்தை உண்டாக்கும் முறை எதுவும் இதுவரை இல்லை.

தரையில் சேர்ந்த உப்பு

வானத்தில் மழையைத் தொடங்கிவைக்கும் அதே உப்பு பாலாற்றின் கரையில் மழையின் பயனைக் கெடுத்தது. பச்சைத் தோலைக் காக்க அதன் எடையில் பாதியை நெருங்கும் அளவு உப்பு தேவைப்படும். தொழிற்சாலையில் தோலை ஊறவைக்கும்போது அந்த உப்பின் பெரும்பகுதி கழிவுநீரில் இறங்கும். ஆவாரம்பட்டையால் பதனிட்ட காலத்திலும் உப்பு இருந்தது. 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்து, குரோம் முறையும் முழுமையான பதனிடலும் பெருகியபோது கழிவு பன்மடங்காயிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியையும் முன்னெச்சரிக்கை நெறியையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது.

மேக இயற்பியல் இங்கே ஒரு கசப்பான செய்தி சொல்கிறது. நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடுகிறது. கடலின் மேல் இதுவே வரம். அதனால்தான் கடல்நீரிலிருந்து எழுந்த மழை நன்னீராக இருக்கிறது. மண்ணிலும் கிணற்றிலும் இறங்கிய உப்புக்கு அந்த வழி இல்லை. வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை இன்னும் செறிவாக்கும். தொழிற்சாலைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களோடு இணைந்து, கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகும், கடைசியில் மிஞ்சும் உப்புக் குவியலை என்ன செய்வது என்பது தீராத சிக்கலாகவே இருக்கிறது; திறந்த வெளியில் கிடந்தால் அடுத்த மழை அதை மீண்டும் கரைத்துவிடும். நிலத்தடி உப்பைக் குறைக்க வல்லது நல்ல மழையும் ஆற்றில் தங்கிச் செல்லும் வெள்ளமும் மட்டுமே. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றில் அது அரிது. 348 கி.மீ. நீளமுள்ள பாலாற்றில் 222 கி.மீ. தமிழ்நாட்டில் ஓடுகிறது, ஆனால் தலைப்பகுதி கர்நாடகத்தின் கோலார்ப் பக்கம் இருக்கிறது. அங்குள்ள ஏரிகள் நிரம்பி வழிந்தால்தான் மேலிருந்து நீர் வரும்.

1903, 2021

அந்த ஏரிகள் நிரம்புவதோடு நில்லாமல் உடைந்த ஆண்டு 1903. நவம்பர் 12 அன்று, கனமழையால் மைசூர் அரசின் எல்லைக்குள் இருந்த ஏரிகள் உடைந்து, வெள்ளம் பாலாற்றில் இறங்கி வாணியம்பாடியைச் சூறையாடியது. இருநூறு பேர் வரை மாண்டதாகக் கூறப்படுகிறது. அதன் நினைவுத் தூண் வாணியம்பாடியில் உள்ளது. ஊரில் பெய்யாத மழை ஊரை அழிக்க முடியும் என்பதை அந்த இரவு காட்டியது. பாலாற்றின் நீர்ப்பிடிப்பு ஏறத்தாழ 18,000 சதுர கி.மீ. அதன் மேல் 10 மி.மீ. நீர் வழிந்தோடினாலே 18 கோடி கன மீட்டர்.

2021 நவம்பர் 19 அதிகாலையில் வங்கக் கடலின் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்து உள்நோக்கி நகர்ந்தது. மண் ஏற்கெனவே நனைந்து ஊறியிருந்தது. அன்று காலை பேரணாம்பட்டில் வீடு இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தனர். பாலாற்றில் ஒரு லட்சம் கன அடியை எட்டிய வெள்ளம் 1903க்குப் பின் காணாதது என்று பேசப்பட்டது. வேலூரில் கோட்டை அகழி நிரம்பி, நீர் சலகண்டேசுவரர் கோயிலுக்குள் புகுந்தது. மழைநீர் சூழ்ந்த புற்றில் கண்டெடுத்த இறைவன் என்பதாலேயே அப்பெயர் வந்தது என்பது கோயிலின் தலபுராணம்.

இத்தகைய நாள்களில் எச்சரிக்கை தருவது சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002 முதல் இயங்கும் டாப்ளர் ரேடார். அதன் அலை மேகத்துளிகளைவிட மழைத்துளிகளில் வலுவாக எதிரொலிக்கிறது. எதிரொலியின் வலிமையைக் கொண்டு மழை கணிக்கப்படுகிறது. ஆனால் பூமி வளைந்தது. அரைப் பாகை சாய்வில் புறப்படும் கதிர் 125 கி.மீ.க்கு மேல் தள்ளியுள்ள வேலூரை அடையும்போது தரைக்கு ஏறத்தாழ இரண்டு கி.மீ. மேலே செல்கிறது. மே மாத இடிமேகத்துக்கு இது குறையில்லை. அதன் அடியே இரண்டரை கி.மீ. உயரத்தில்தான் இருக்கும். நவம்பரின் அரை கி.மீ. மேகத்தில், துளிகள் மோதி இணைந்து பெருக்கும் கீழ்ப்பகுதி கதிருக்குக் கீழே விடுபடுகிறது. அதனால் மழை குறைத்து மதிப்பிடப்படலாம். ஆகவே ரேடார் படத்தின் வண்ணங்கள் மறுநாள் காலை 8.30 மணிக்கு மழைமானியில் அளந்த எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்தப்படுகின்றன.